உணர்விழந்த நோயாளியும் ஒப்புதலும்: மருத்துவக் கல்வியில் அந்தரங்க உறுப்புப் பரிசோதனை குறித்த ஒரு விளக்கம்

முன்னுரை

அறுவை மருத்துவத்திற்காக மயக்க மருந்து பெற்று உணர்விழந்து கிடக்கிறார் ஒரு பெண். அறுவை தொடங்குமுன், பேராசிரியர் பணித்தபடி மாணவர் ஒருவர் கையுறை அணிந்து அப்பெண்ணின் பிறப்புறுப்பின் வழியே உட்பரிசோதனை செய்து பழகுகிறார். அடுத்து இன்னொரு மாணவரும் அவ்வாறே செய்கிறார். அப்பெண்ணின் நோய்க்கும் இப்பரிசோதனைக்கும் தொடர்பில்லை. விழித்தெழும்போது அவருக்கு வலியில்லை, காயமில்லை, நடந்தது தெரியவும் தெரியாது. அவ்வாறாயின் இங்கு நிகழ்ந்த தீங்கு யாது? இவ்வினாவிற்கு மேலைநாடுகளில் ஏறத்தாழ நாற்பது ஆண்டுகளாக விடை தேடப்பட்டு வருகிறது. அத்தேடலை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மருத்துவத்துறைக்குரிய இப்பொருளைத் தமிழாய்வாளரும் தமிழாசிரியரும் பயிலும் இதழில் எழுதுவது ஏன் என்னும் ஐயம் எழலாம். காரணம் இரண்டு. முதலாவது, இது நோய் நீக்கும்போது நேர்ந்த பிழையன்று. பாடம் நடத்தும்போது நேர்ந்த பிழை. ஆசிரியர் சொன்னார், மாணவர் செய்தார். இரண்டாவது, ஒப்புதல் என்பது மொழியால் நிகழும் செயல். கேட்கும் சொல் பிழைபட்டால் பெறும் ஒப்புதலும் பிழைபடும்.

தொடங்குமுன் ஓர் எல்லையை வரைந்துகொள்வது நலம். அறுவை செய்யும் மருத்துவர் தம் நோயாளியின் நிலையை உறுதிசெய்துகொள்ள மயக்கநிலையில் அவரைப் பரிசோதிப்பது சிகிச்சையின் ஒரு கூறாகும். விபத்தில் சிக்கி உணர்விழந்து வருபவரை உயிர்காக்கும் பொருட்டுப் பரிசோதிப்பதும் அத்தகையதே. அங்குக் கேட்பதற்கு நேரமுமில்லை, விடைதர ஆளுமில்லை. இவ்விரண்டும் இக்கட்டுரையின் பொருளல்ல. முன்னரே நாள் குறித்து மருத்துவமனைக்கு வந்து, முதல்நாள்வரை தெளிந்த உணர்வோடிருந்த ஒருவரைக் கேட்டிருக்கலாம் என்ற நிலையிலும் கேட்காமல் விட்டதே இங்குப் பேசப்படுகிறது.

அனுமதியும் ஒப்புதலும்

இத்துறையில் தமிழில் வழங்கும் சொற்கள் பல. அனுமதி, சம்மதம், இசைவு, உடன்பாடு, ஒப்புதல் என்பன அவற்றுள் சில. இவற்றை ஒருபொருட் பன்மொழியாகக் கொண்டு மாற்றி மாற்றி எழுதுவது வழக்கமாகிவிட்டது. ஆயினும் 'அனுமதி' என்னும் சொல் மட்டும் தனித்து நோக்கத்தக்கது. 'அவர் மருத்துவமனையில் அனுமதிக்கப்பட்டார்' என்றே செய்தித்தாள்கள் எழுதுகின்றன. அத்தொடரில் அனுமதி தருவது மருத்துவமனை, பெறுபவர் நோயாளி. பள்ளியிலும் அலுவலகத்திலும் அனுமதி மேலிருந்து கீழ்நோக்கியே வருகிறது. நோயாளியின் உடலைத் தொட மருத்துவர் கேட்டுப் பெற வேண்டிய ஒன்றுக்கு அதே சொல்லை ஆளும்போது, தருபவர் யார், பெறுபவர் யார் என்பது மயங்கிவிடுகிறது. எனவே இக்கட்டுரையில் ஒப்புதல், இசைவு ஆகிய சொற்களே ஆளப்படுகின்றன.

அடுத்து, எத்தகைய ஒப்புதல் என்பது. 'தகவலறிந்த ஒப்புதல்' என்னும் தொடர் இப்போது பரவலாக வழங்குகிறது. தகவல் ஒருவர் கையில் கொடுக்கப்பட்டுவிட்டாலே போதும் என்ற பொருளை அது தந்துவிடுமோ என்னும் அச்சம் எமக்குண்டு. பத்துப் பக்கப் படிவத்திலும் தகவல் இருக்கத்தான் செய்கிறது. அறிந்து, விளங்கி, மறுக்கவும் இயலும் நிலையில் அளிக்கும் ஒப்புதலே கருதப்படுவது. அதனால் 'அறிந்தளிக்கும் ஒப்புதல்' என்று சொல்வதே பொருத்தமாகப் படுகிறது.

மயக்கத்தில் நிகழ்ந்தவை: இரு வழக்குகள்

ஒப்புதல் பற்றிய சட்ட வரலாற்றில் முதலில் எடுத்துக்காட்டப்பெறும் தீர்ப்புகளுள் ஒன்று, மயக்கநிலைப் பரிசோதனையிலிருந்தே பிறந்தது என்பது பலர் கவனியாத செய்தி. 1908ஆம் ஆண்டு நியூயார்க் நகர மருத்துவமனையொன்றில் வயிற்றுக் கோளாற்றுக்காகச் சேர்ந்த பெண்ணின் உடலில் கட்டி ஒன்று இருப்பது தெரியவந்தது. அதன் தன்மையை அறிய, ஈதர் கொடுத்து மயக்கநிலையில் பரிசோதிக்க அவர் இசைந்தார். அறுவை வேண்டாம் என்று சொல்லியிருந்ததாக அவர் சாட்சியமளித்தார். உணர்விழந்திருந்தபோது கட்டி அகற்றப்பட்டது. ஷ்லோன்டார்ஃப் வழக்கு எனப்படும் இதில் 1914ஆம் ஆண்டு தீர்ப்பெழுதிய நீதிபதி பெஞ்சமின் கார்டோசோ, நல்லறிவுடைய வயதுவந்தவர் ஒவ்வொருவருக்கும் தம் உடலுக்கு என்ன செய்யப்படலாம் என்பதை முடிவுசெய்யும் உரிமை உண்டென வரையறுத்தார். உரிமை வென்றது; ஆனால் வழக்குத் தொடுத்த பெண் தோற்றார். அம்மருத்துவமனை அறநிறுவனம் என்பதாலும், மருத்துவர் அதன் ஏவலர் அல்லர் என்பதாலும் இழப்பீடு கிட்டவில்லை. 'அறிந்தளிக்கும் ஒப்புதல்' என்பதற்கு நேரான ஆங்கிலத் தொடர் நீதிமன்றத் தீர்ப்பில் இடம்பெற்றது 1957ஆம் ஆண்டில்தான். கலிபோர்னியாவின் சால்கோ வழக்கில்.

ஏறத்தாழ நூறாண்டு கழித்து இந்திய உச்சநீதிமன்றம் இதையொத்த வழக்கொன்றைச் சந்தித்தது. 2008ஆம் ஆண்டு ஜனவரியில் தீர்ப்பளிக்கப்பட்ட சமீரா கோலி வழக்கில், நோயறியும் பொருட்டு லேப்ராஸ்கோப்பி எனும் உள்நோக்கிச் சோதனைக்கு மட்டுமே இசைந்திருந்தார் நோயாளி. அவர் மயக்கத்தில் இருந்தபோது வெளியே காத்திருந்த தாயாரிடம் கையொப்பம் பெறப்பட்டு, கருப்பையும் சூலகங்களும் அகற்றப்பட்டன. வயதுவந்த, நல்லறிவுடைய ஒருவர் சற்று நேரம் உணர்விழந்திருக்கிறார் என்பதற்காக அவருடைய ஒப்புதல் உரிமை பிறரிடம் சென்றுவிடாது. உயிருக்கு உடனடி இடரில்லையேல் அவர் விழித்தெழும்வரை காத்திருக்கத்தான் வேண்டும் என்று நீதிமன்றம் கூறியது. தாயாரின் நல்லெண்ணத்தை எவரும் ஐயுறவில்லை என்பதே இத்தீர்ப்பின் சிறப்பு. குடும்பத்தார் கூடி முடிவெடுக்கும் மரபில் வளர்ந்த நமக்கு இது சற்றுக் கடினமான பாடம். பெற்ற தாயே ஆயினும் அவருக்கில்லாத உரிமை, முதன்முறையாக அறைக்குள் நுழையும் மாணவருக்கு எங்ஙனம் வரும்?

ஆக்லாந்து விசாரணை

இவ்விரு வழக்குகளும் அறுவை பற்றியவை. மாணவர் பயிற்சியைப் பொதுவெளிக்குக் கொணர்ந்ததில் நியூசிலாந்துக்குத் தனியிடம் உண்டு. ஆக்லாந்து நகரின் தேசிய மகளிர் மருத்துவமனையில், 1966ஆம் ஆண்டு முதல் ஹெர்பர்ட் கிரீன் என்னும் மருத்துவர், கருப்பை வாயில் புற்றுநோய்க்கு முந்தைய மாற்றம் கண்ட பெண்கள் சிலருக்கு முழுமையான சிகிச்சை அளிக்காமல் தொடர்ந்து கண்காணித்து வந்தார். தாம் ஓர் ஆய்வுக்கு உட்பட்டிருப்பதை அப்பெண்கள் அறியார். அவருடன் பணியாற்றிய மருத்துவர் சிலர் 1984ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வுக்கட்டுரை, போதிய சிகிச்சை பெறாதோருள் பலருக்கு அம்மாற்றம் புற்றுநோயாக முற்றியதைக் காட்டியது. அதனைப் படித்த சாண்ட்ரா கோனி, ஃபிலிடா பங்கிள் ஆகிய இருவரும் 1987ஆம் ஆண்டு ஜூன் மாத 'மெட்ரோ' இதழில் எழுதிய கட்டுரை நாட்டையே உலுக்கியது. நீதிபதி சில்வியா கார்ட்ரைட் தலைமையில் விசாரணை அமைக்கப்பட்டு, 1988ஆம் ஆண்டு ஆகஸ்டில் அறிக்கை வெளிவந்தது.

புற்றுநோய் பற்றித் தொடங்கிய விசாரணை அதனோடு நிற்கவில்லை. அம்மருத்துவமனையில் மயக்கமடைந்திருந்த பெண்களை அவர்கள் அறியாமலே மாணவர்கள் உட்பரிசோதனை செய்து பழகியதும் அப்போது வெளிப்பட்டது. கிரீனின் ஆய்வில் உடற்கேடு இருந்தது, உயிரிழப்பும் இருந்தது. மாணவர் பயிற்சியில் அத்தகைய கேடு எதுவுமில்லை. இருந்தும் இரண்டும் ஒரே அறிக்கையில் இடம்பெற்றன. அவ்விரண்டிற்கும் வேர் ஒன்றே. நோயாளியிடம் சொல்ல வேண்டிய தேவையில்லை என்னும் எண்ணமே அவ்வேர்.

அவ்வறிக்கையின் பயனாக 1994ஆம் ஆண்டு தனிச்சட்டம் இயற்றப்பட்டு, 1996ஆம் ஆண்டு நோயாளியர் உரிமைக்கோவை நடைமுறைக்கு வந்தது. அதன் ஏழாம் உரிமை, பொது மயக்க மருந்தின்கீழ் நடைபெறும் செயல்களுக்கு ஒப்புதல் எழுத்துவடிவில் இருத்தல் வேண்டும் என்கிறது. ஒன்பதாம் உரிமை, இவ்வுரிமைகள் யாவும் கற்பித்தலுக்கும் ஆய்வுக்கும் பொருந்தும் என்கிறது. கற்பித்தலைச் சட்டம் வெளிப்படையாகச் சொல்லியிருப்பது நோக்கத்தக்கது. ஆயினும் சட்டம் வந்த அளவில் பழக்கம் முற்றும் மாறிவிடவில்லை போலும். 2015ஆம் ஆண்டில்கூட அந்நாட்டு மருத்துவக் கல்வி நிறுவனங்கள் கூடி, மாணவர் பங்கேற்பும் ஒப்புதலும் குறித்துப் பொது அறிக்கையொன்றை வெளியிட நேர்ந்தது.

மாணவர் கற்ற இரண்டாம் பாடம்

2003ஆம் ஆண்டு இரு ஆய்வுகள் வெளிவந்தன. ஒன்று இங்கிலாந்தினது. பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வெளியான அக்கட்டுரையின் முதலாசிரியர் யிவெட் கோல்டிகாட் அப்போது தாமே மருத்துவ மாணவி. மயக்கநிலையிலோ உணர்வு மழுங்கிய நிலையிலோ இருந்த நோயாளியரிடம் தம் கல்லூரி மாணவர்கள் செய்த அந்தரங்கப் பரிசோதனைகளுள் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கிற்குப் போதிய ஒப்புதல் பெறப்பட்டதாகத் தெரியவில்லை என்று அது காட்டியது. ஆசிரியர்கள் பல்லாண்டு பேசாதிருந்ததை ஒரு மாணவி எழுதினார்.

மற்றொன்று அமெரிக்காவினது. பிலடெல்பியா நகரின் ஐந்து மருத்துவக் கல்லூரிகளில் பயின்ற மாணவரிடம் பீட்டர் யூபெல் முதலானோர் வினாநிரல் வழி நடத்திய ஆய்வு அது. மகளிர் மருத்துவப் பயிற்சியை முடித்திருந்தோருள் ஏறத்தாழ 90 விழுக்காட்டினர் மயக்கநிலையிலிருந்த பெண்களைப் பரிசோதித்திருந்தனர். இதைவிட முதன்மையான முடிவு வேறொன்று. நோயாளியிடம் ஒப்புதல் கேட்பது எவ்வளவு இன்றியமையாதது என்ற வினாவிற்கு, அப்பயிற்சியை இன்னும் பெறாத மாணவர் அளித்த மதிப்பைவிடப் பயிற்சி முடித்த மாணவர் அளித்த மதிப்பு குறைவாக இருந்தது.

ஆசிரியப் பணியிலிருப்போர் இம்முடிவை எளிதில் கடந்துசெல்ல இயலாது. கல்லூரிக்கு வரும்போது 'கேட்க வேண்டாமா?' என்ற உணர்வு மாணவரிடம் இருந்தது. பாடம் முடியும்போது அது தேய்ந்திருந்தது. எந்தப் பாடத்திட்டத்திலும் எழுதப்படாத பாடம் அது. கருப்பையின் அளவையும் நிலையையும் கைவிரலால் உணரக் கற்ற அதே நேரத்தில், கேளாமல் தொடலாம் என்பதையும் அம்மாணவர் கற்றார். அவரைக் குறைகூறி முடித்துவிடுவதும் நேர்மையன்று. எதிரே நிற்பவர் துறைத்தலைவர். தேர்வு மதிப்பெண் அவர் கையில். செவிலியரும் மயக்கவியல் மருத்துவரும் சூழ்ந்திருக்க, 'இவர் இதற்கு இசைந்தாரா, ஐயா?' என்று ஓர் இருபத்திரண்டு வயது மாணவர் கேட்பதற்கு எத்துணைத் துணிவு வேண்டும் என்பதை மாணவராயிருந்த எவரும் அறிவர். முதல்முறை கூச்சம் இருக்கும். ஐந்தாம் முறை அது வழக்கமாகிவிடும்.

கூறப்படும் காரணங்கள்

இவ்வழக்கத்தை ஆதரித்தோர் கூறிய காரணங்களுள் வலுவுடையது ஒன்றுண்டு. மயக்கத்தில் வயிற்றுத் தசைகள் தளர்ந்திருப்பதால் கருப்பையையும் சூலகங்களையும் கைவிரலால் தெளிவாக உணரலாம்; விழித்திருக்கும் பெண் அச்சத்தால் தசைகளை இறுக்கிக்கொள்வார்; புதிய மாணவருக்கு எதுவும் புலப்படாது. இது உண்மையே. திறமற்ற கையால் பிற்காலத்தில் துன்புறப்போவதும் பெண்களே என்பதையும் மறுப்பதற்கில்லை. ஆனால் இக்காரணம் மயக்கநிலைப் பரிசோதனையின் பயனை மெய்ப்பிக்கிறதேயன்றி, கேளாமல் செய்வதை நியாயப்படுத்தவில்லை.

பிற காரணங்கள் அத்துணை வலுவுடையனவல்ல. கற்பிக்கும் மருத்துவமனைக்கு வந்ததே இசைந்ததற்கு ஒப்பாகும் என்றனர். எது கற்பிக்கும் மருத்துவமனை என்பதே பல நோயாளியருக்குத் தெரியாது. சேர்க்கைப் படிவத்தில் 'மாணவர் பங்கேற்கலாம்' என்ற வரி உண்டென்றனர். உடன் நின்று பார்ப்பதும் பங்கேற்பே, உட்பரிசோதனையும் பங்கேற்பே. அவ்வொரு வரி இரண்டையும் வேறுபடுத்திக் காட்டுவதில்லை.

கேட்டால் எல்லாரும் மறுத்துவிடுவர், கல்வி நின்றுவிடும் என்பது இன்னொரு காரணம். கனடாவின் கேல்கரி நகரில் மகளிரிடம் கேட்டறிந்து 2010ஆம் ஆண்டு வெளியிடப்பட்ட ஆய்வு இதனைப் பொய்யாக்கியது. பத்தில் ஆறு பேர் அளவினர் தம்மைக் கேட்டால் இசைவதாகக் கூறினர். மறுப்பதாகக் கூறியோர் ஏழில் ஒருவரே. பத்தில் ஏழு பேர் அளவினர் தம்மை முன்கூட்டியே கேட்பார்கள் என எதிர்பார்த்திருந்தனர். பெரும்பாலோர் கொடுத்திருக்கக்கூடிய ஒன்றைக் கேளாமலே எடுத்துக்கொண்டதுதான் இங்கு நடந்தது. கொடுத்தால் அது கொடை. அப்பெண்ணும் ஒரு மருத்துவரை உருவாக்குவதில் பங்காளர். எடுத்துக்கொண்டால் அவர் வெறும் கருவி. கட்டுரையின் தொடக்கத்தில் கேட்கப்பட்ட தீங்கு யாது என்னும் வினாவிற்கு எம் விடை இதுவே. தெரியாதவரைக்கும் தீங்கில்லை என்பார், பிறர் நாட்குறிப்பைத் திறந்து படித்துவிட்டு மூடி வைத்தாலும் தீங்கில்லை என்று சொல்ல வேண்டியவராவர்.

மாற்றுவழியும் இல்லாமலில்லை. அமெரிக்காவின் ஐயோவா பல்கலைக்கழகத்தில் 1960களின் இறுதியில் தொடங்கி வளர்ந்த முறையில், பயிற்சியும் ஊதியமும் பெற்ற பெண்கள் தம் உடலிலேயே மாணவருக்குப் பரிசோதனையைக் கற்பிக்கின்றனர். 'இங்கு அழுத்தாதீர், வலிக்கிறது', 'கருவியை முதலில் வெதுவெதுப்பாக்குங்கள்', 'தொடுமுன் சொல்லுங்கள்' என்றெல்லாம் அவர்கள் திருத்துவர். மயங்கிக் கிடப்பவரால் கற்பிக்க இயலாத பாடங்கள் இவை.

சட்டங்களும் நம் நாடுகளும்

அமெரிக்க மாநிலங்களுள் முதலில் சட்டம் இயற்றியது கலிபோர்னியா, ஆண்டு 2003. அதன்பின் பல மாநிலங்கள் அவ்வழி நின்றன. 2024ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாளன்று அந்நாட்டு மத்திய சுகாதாரத்துறை, மார்பகம், பெண் பிறப்புறுப்பு, சுக்கியன் சுரப்பி, குதம் ஆகியவற்றை மயக்கநிலையில் பயிற்சிக்காகப் பரிசோதிப்பதற்கு எழுத்துவழி ஒப்புதல் பெறுதல் மருத்துவமனைகளின் கடமை என அறிவித்தது. இது மகளிரை மட்டும் சார்ந்த சிக்கலன்று என்பதை அப்பட்டியலே காட்டும்.

மலேசியாவில் 2006ஆம் ஆண்டு டிசம்பரில் கூட்டரசு நீதிமன்றம் அளித்த ஃபூ ஃபியோ நா தீர்ப்பு ஒரு திருப்புமுனையாகும். சாலை விபத்தில் கழுத்தெலும்பு விலகி மருத்துவமனையில் சேர்ந்தவர் அறுவைக்குப்பின் உடல் செயலிழந்த வழக்கு அது. இடர்களை நோயாளிக்கு எடுத்துரைக்கும் கடமையைப் பிற மருத்துவர்களின் வழக்கத்தைக் கொண்டு மட்டும் அளவிடலாகாது என்று நீதிமன்றம் ஆஸ்திரேலிய முன்மாதிரியை ஏற்றது. 2017ஆம் ஆண்டு அதனை மீண்டும் உறுதிசெய்தது. சிங்கப்பூர் அதே 2017ஆம் ஆண்டில் நோயாளியின் நோக்கை முதன்மைப்படுத்தும் அளவுகோலைத் தீர்ப்பொன்றின்வழி ஏற்று, பின்னர்ச் சட்டத்திருத்தத்தின் மூலம் 2022ஆம் ஆண்டு ஜூலை முதல் மருத்துவர் சமூகத்தின் கருத்துக்கும் இடமளிக்கும் அளவுகோலை நடைமுறைப்படுத்தியது. இவை யாவும் சிகிச்சையின் இடர்களைச் சொல்வது பற்றியவை. மாணவர் பயிற்சியை நேரே தொடுவன அல்ல. ஆயினும் மருத்துவரின் வழக்கமே அளவுகோலா, நோயாளியின் உரிமையே அளவுகோலா என்ற அடிப்படை வினா இரண்டிற்கும் ஒன்றே.

எந்த மொழியில் கேட்பது?

நியூசிலாந்து உரிமைக்கோவையின் ஐந்தாம் உரிமை, நோயாளிக்கு விளங்கும் மொழியிலும் முறையிலும் சொல்லப்படுதலையும், தேவையும் வாய்ப்பும் இருப்பின் தகுதியுடைய மொழிபெயர்ப்பாளர் ஒருவர் அமர்த்தப்படுதலையும் உரிமையாக்குகிறது. நம் சூழலில் இதனை எண்ணிப்பார்த்தல் தகும். படிவம் பெரும்பாலும் மலாயிலோ ஆங்கிலத்திலோ இருக்கும். தோட்டப்புறத்தில் வாழ்ந்து முதிர்ந்த ஒரு பாட்டிக்கு அதனைச் சொல்ல வருபவர் பேரனாகவே இருப்பார். அல்லது அண்டைவீட்டுத் தமிழ்ப்பள்ளி ஆசிரியர். படிவம் படித்துச் சொல்ல ஆசிரியரை அழைத்துப்போவது நம்மவரிடையே புதிதன்று. பேரனால் பாட்டியிடம் இதைச் சொல்ல இயலுமா? 'சும்மா வயிற்றைப் பார்ப்பாங்களாம் பாட்டி, கையெழுத்துப் போடுங்க' என்பதோடு அது முடிந்துவிடும். பாட்டியும் போட்டுவிடுவார். அங்கே கையொப்பம் உண்டு, ஒப்புதல் இல்லை.

தமிழில் சொல்லில்லை என்பதன்று குறை. சொல்வதற்கு நாணுவதே குறை. 'கீழ்ப்பகுதி', 'அடிவயிறு' என்னும் இடக்கரடக்கல் அன்றாடப் பேச்சுக்கு அழகு; ஒப்புதல் கேட்கும் இடத்தில் அது நோயாளியை இருளில் வைப்பதாகும். பின்வருமாறு கேட்டால் எவருக்கும் விளங்கும்:

'அம்மா, நாளை உங்களுக்கு மயக்க மருந்து கொடுத்த பிறகு, மருத்துவம் படிக்கும் மாணவி ஒருவர், கற்றுக்கொள்வதற்காக, உங்கள் பிறப்புறுப்புக்குள் விரலை விட்டுக் கருப்பையைத் தொட்டுப் பார்க்கலாமா? பெரிய டாக்டர் உடன் இருப்பார். இது உங்கள் சிகிச்சைக்குத் தேவையானது அல்ல. வேண்டாம் என்று நீங்கள் சொன்னால் சிகிச்சையில் எந்தக் குறையும் வராது. யோசித்து நாளைக் காலையில்கூடச் சொல்லலாம்.'

இதைச் சொல்ல ஒரு நிமிடமும் ஆகாது. சொல்பவர் பேரனாக இல்லாமல், தமிழறிந்த பெண் செவிலியராகவோ அதற்கெனப் பயிற்சி பெற்ற பெண்ணாகவோ இருத்தல் வேண்டும். உறவினர் அறைக்கு வெளியே நிற்றல் வேண்டும். பாட்டி மறுக்கலாம். 'பிள்ளை படிக்கட்டும், பார்க்கச் சொல்லுங்க' என்றும் சொல்லலாம்.